அருள் அண்ணையின் ஷிப்ட்

உங்களில் இரண்டு பேர் போன மாதம் என்னிடம் கேட்டீர்கள்: "அன்ரி, உங்கட வேலைக் காலத்தில நீங்கள் விட்ட ஆகப் பெரிய பிழை எது?" மோட்டார் எரிந்த கதையோ, ஒரு முழுத் தொழிற்சாலை என்னால் அரைநாள் நின்ற கதையோ வரும் என்று நீங்கள் காத்திருந்தது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அப்படியும் இருக்கின்றன. கோப்பி ஊற்றி வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொல்லலாம். ஆனால் அவை எனக்கு வலிப்பதில்லை. வலிக்கிற ஒன்று இருக்கிறது. அது நான் இந்தத் தொழிலுக்குள் கால் வைக்கும் முன்பே, படிப்பின் கடைசி நாளில் நடந்தது. அன்றைக்கே சொல்லத் தொடங்கியிருந்தால் நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பீர்கள். எழுதித் தருகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

ஓட்டமேஷன் என்ற தானியங்கித் தொழில்நுட்பத்தில் இரண்டு வருடப் பட்டம். நீங்கள் இருபத்திரண்டு வயதில் வாங்கி, சாரதி அனுமதிப் பத்திரத்தோடு சேர்த்துப் பைக்குள் செருகி வைத்திருக்கிறீர்களே, அதே பட்டம்தான். நான் அதற்குப் போனபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் ஹேர்னிங் என்ற டெனிஷ் நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் பதினாறு வருடம் இருந்தேன். மெஷின் நின்றால் டெக்னிஷன் வருவார். சுவரில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியைத் திறப்பார். பெண்கள் நாங்கள் ஒதுங்கி நிற்போம். உள்ளே நூறு வயர், சின்னச் சின்ன வெளிச்சங்கள். அவர் எதையோ பார்ப்பார், எதையோ தட்டுவார், பெட்டியை மூடுவார், மெஷின் ஓடும். பதினாறு வருடமும் அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டுக்கொண்டே தைத்தேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் அருள் அண்ணை.

அருள் அண்ணை என் கூடப் பிறந்தவர் அல்ல. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் பனிக்காலத்தில், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தன் பழைய காரில் எங்களைத் தேடி வந்தவர். என் கணவருக்குத் தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தவர். எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என் கணவரோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டு நின்றவர். தையல் வேலையைப் பிடித்துத் தந்ததும் அவர்தான். அவரும் அவர் மனைவி புஷ்பம் அக்காவும் ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வராவிட்டால் அந்த ஞாயிறு எங்களுக்கு ஞாயிறாகவே இருக்காது. இருபது வருடம் அப்படி இருந்தது.

தையல் வேலை நாட்டை விட்டே போனபோது நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். முதியோர் இல்லத்து வேலைக்குப் போவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"நீ அந்தப் பெட்டி வேலையப் படியன் தங்கச்சி."

"என்ன அண்ணை பகிடி விடுறியள்? நாப்பத்து மூண்டு வயசில?"

"ஊரில ஏ.எல் சோதினைக்குக் கணிதம் செய்தனி எல்லோ. அதை என்ன ஊறுகாய் போடவே வைச்சிருக்கிறாய்? நான் பதினெட்டு வருசமா ஒரு மெஷினுக்கு முன்னால நிக்கிறன். எங்கட ஆக்கள் எல்லாரும் மெஷினுக்கு முன்னாலதான் நிக்கிறம். ஒருத்தராவது பின்பக்கம் போய்ப் பாருங்கோவன்."

அன்று பின்னேரமே மகள் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் புலம்ப, அவள் டெனிஷில் பதில் சொன்னாள். உன்னால் முடியும் அம்மா, சும்மா இரு என்பதுதான் அதன் சுருக்கம்.

முதல் நாள் வகுப்புக்குள் ஆசிரியர் வந்தபோது நான் எழுந்து நின்றேன். முப்பது பேரில் நான் மட்டும். அவர் என்னை விடப் பத்து வயது இளையவர், கையில் கோப்பிக் கோப்பை. "இப்பவே வீட்டுக்குப் போகிறாயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இங்கேயும் அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைப் பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் கீறி அதற்கு மேல் "தெரியாது" என்று டெனிஷில் எழுதி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் முறைக்கு ஒருவர் பாணும் வெண்ணெயும் கொண்டுவருவோம். சாப்பிட்டபடி ஒவ்வொருவரும் எழுந்து போய், அந்த வாரம் தனக்கு விளங்காத ஒன்றை அந்தக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். முதலில் ஆசிரியரே எழுதுவார். படிப்பிக்கிற மனுசன் தனக்குத் தெரியாது என்று எழுதுவதை நான் அதுவரை கண்டதில்லை.

எட்டு வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் விளங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். பாதி விளங்கவில்லை. ஆனால் தெரியாது என்று பலர் முன்னால் எழுதுவது எனக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது. நாங்கள் அப்படி வளர்க்கப்படவில்லை. விளங்கிச்சுதா என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு, பிறகு வீட்டில் இருந்து அழுவோம். ஒன்பதாவது வாரம் நான் மீன் ரோல்ஸ் கொண்டுபோனேன். அந்தத் துணிச்சலிலோ என்னவோ, எழுந்து போய் ஒரு வரி எழுதினேன். ஆசிரியர் அதை வாசித்துவிட்டு, "நல்ல கேள்வி, இது எனக்கும் சரியாக விளங்காது" என்றார். வகுப்பு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றி மதியம் வரை நின்றது. ஒரு கேள்வி கேட்டதற்காக என்னை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை காலைகளில் எனக்கு அந்த அறை வேண்டும் போல இருக்கும். அந்தக் கோப்பியின் புகைந்த மணமும், மார்க்கரின் கீச்சொலியும், என்னைத் தங்களில் ஒருத்தியாக எண்ணிய அந்த முகங்களும் வேண்டும் போல இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு இந்த ஏக்கம் கூடிவிட்டது.

கடைசி அரை வருடம் ஒரு தொழிற்சாலையில் உண்மையான பிரச்சினை ஒன்றை எடுத்துச் செய்ய வேண்டும். நானும் மாட்ஸும் சேர்ந்தோம். மாட்ஸுக்கு முப்பது வயது, முன்பு எலக்ட்ரிஷன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பொய் சொல்லத் தெரியாதவன். எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஏழு இடத்தில் கேட்டு ஏழிலும் இல்லை என்றார்கள். அருள் அண்ணை தன் உற்பத்திப் பொறுப்பாளரிடம் போய், தன் அரைகுறை டெனிஷில், "என்ர தங்கச்சி, நல்லாப் படிக்கிறவ" என்று சொல்லி எங்களுக்கு இடம் வாங்கித் தந்தார். சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் மெழுகுதிரிகளைப் பெட்டியில் அடுக்கிப் பொதி செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. ஒரு மெஷின் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை இழுக்க, ஒரு சூடான தகடு வந்து வெட்டி ஒட்டும். அந்தத் தாள் அடிக்கடி சிக்கியது, மெஷின் அடிக்கடி நின்றது. ஏன், என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

இரண்டு கிழமை அளந்தோம். காலை ஷிப்டில் மெஷின் நின்று நின்று ஓடியது. மூன்று மணிக்குத் தொடங்கும் பின்னேர ஷிப்டில் அது நிற்கவேயில்லை என்று சொல்லலாம். பின்னேர ஷிப்டில் அந்த மெஷினில் நின்றவர் அருள் அண்ணை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அனுபவமுள்ள ஆள் சிக்கலைச் சட்டென்று எடுத்துவிடுகிறார், ஆகவே அவரே மற்றவர்களுக்குப் பழக்க வேண்டும் என்று மாட்ஸ் அறிக்கையில் எழுதினான். அந்தப் பந்தியை நான் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன்.

அறிக்கை முடியும் தறுவாயில், ஒரு பின்னேரம் நாலரை மணி போல, அவர் எப்படித்தான் எடுக்கிறார் என்று பார்க்க நான் தனியாகப் போனேன். அவர் மெஷினின் கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் சிக்கியது. அவர் கையை உள்ளே விட்டு, தகடு இறங்கும் முன் தாளை இழுத்தெடுத்தார். கண் இமைக்கும் நேரம்.

"அண்ணை, கதவு திறந்திருக்கு!"

"ஓம்."

"திறந்தா நிக்க வேணுமே. என்னண்டு ஓடுது?"

அவர் கதவு நிலையைக் காட்டினார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவியின் மேல் ஒரு காந்தத் துண்டை ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார். மெஷின் கதவு மூடியிருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது.

"கதவத் திறந்தா எல்லாம் நிண்டு, தகடு ஆறி, திரும்பச் சூடாக ஏழெட்டு நிமிசம் பிள்ளை. ஒரு ஷிப்டில இருவது தரம் சிக்குது. நீயே சொல்லு, மனுசன் என்ன செய்யிறது?"

"தகடு கையில பட்டா அண்ணை?"

"எத்தினை வருசமாச் செய்யிறன். அதின்ர ஓட்டம் எனக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பாத்ததப் பாத்ததோட வை. எழுதிப்போடாத. என்னை ஒஃபீசுக்குக் கூப்பிட வைச்சிராத."

"ஓம் அண்ணை" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். உங்கள் தலைமுறைக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பாதுகாப்புக் கதவை ஏமாற்றியிருக்கிறார்கள், சொல்ல வேண்டியதுதானே. பிள்ளைகளே, காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லின் பாரம் உங்களுக்குத் தெரியாது. யுத்தம் நடந்த, நாங்கள் விட்டு வந்த இடத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் வீடு திரும்புவதில்லை. எங்களில் எத்தனையோ குடும்பங்களில் அப்படிப் போன ஒருவர் இருக்கிறார். இந்த நாட்டில் ஒரு குறையைச் சொன்னால் கோப்பி ஊற்றி, ஒரு கூட்டம் வைத்து, கதவை மாற்றுவார்கள். அது எனக்குப் புத்தகத்தில் தெரியும். உடம்புக்குத் தெரியாது. அந்தப் பந்தியை மாற்றாமல் அறிக்கையைக் கொடுத்தோம். மாட்ஸுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு அளவைச் சரிபார்க்கத் தொழிற்சாலைக்குப் போனேன். அண்ணைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு போலந்துக்காரப் பெண் நின்றாள். எங்கள் அறிக்கையை வாசித்த பொறுப்பாளர், நல்ல யோசனை என்று, பழக்குவதை அப்போதே தொடங்கிவிட்டார். அண்ணை கதவைத் திறந்து வைத்து அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தாள் சிக்கியது. அவள் கையை உள்ளே விட்டாள். அவளுக்கு அந்த ஓட்டம் தெரியாது. பாதியில் பயந்து கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணையும் சிரித்தார், நல்ல பிள்ளை என்பது போலத் தலையை ஆட்டினார். அவளை அங்கே நிறுத்தியது என் அறிக்கை.

அன்றே அண்ணையை ஒரு பக்கம் கூப்பிட்டுக் கதைத்திருக்க வேண்டும். கதைக்கவில்லை. காருக்குள் போய் இருந்து, பரீட்சை முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டம் கையில் வரட்டும், பிறகு எல்லாவற்றையும் பக்குவமாகச் சரிசெய்யலாம் என்பது என் கணக்கு.

பரீட்சை நாள் காலை. மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆசிரியர். பக்கத்தில் வேறு ஊரிலிருந்து வந்த பரீட்சகர், நரைத்த தலையோடு ஒரு பெண் பொறியியலாளர். பின்னால் நாற்காலியில் தொழிற்சாலையின் உற்பத்திப் பொறுப்பாளர், நாங்களே பெருமையாக அழைத்திருந்தோம். மாட்ஸ் அட்டவணைகளைக் காட்டினான். அந்த அம்மா பென்சிலால் ஒரு இடத்தைத் தட்டினார்.

"இந்த ஷிப்டில் மட்டும் ஏன் நிற்கவில்லை?"

"அனுபவம்" என்றான் மாட்ஸ், முழு நம்பிக்கையோடு.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிறாய்?"

பாடமாக்கிய பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். நான் ஆசிரியரைப் பார்த்தேன், அவர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டு சிரித்தது எனக்கு முன்னால் வந்தது.

"எனக்குக் காரணம் தெரியும்" என்றேன். "அது அறிக்கையில் இல்லை."

காந்தத்தைப் பற்றிச் சொன்னேன். திறந்த கதவைப் பற்றிச் சொன்னேன். புதியவளைப் பற்றியும் சொன்னேன். அண்ணையின் பெயரை நான் சொல்லவில்லை என்று பிற்பாடு பலரிடம் வாதாடியிருக்கிறேன். பின்னேர ஷிப்டில் அந்த மெஷினில் நிற்பது ஒரே ஒரு ஆள். பெயர் எதற்கு?

"இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?" என்று கேட்டார் பரீட்சகர்.

"மூன்று வாரமாக."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பொறுப்பாளர் எழுந்து, தொலைபேசியோடு வெளியே போனார். மாட்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

முடிவு சொல்ல எங்களைத் தனித்தனியே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு புள்ளிக்கு மாட்ஸுக்குப் பத்து. எனக்கு நாலு. ஆசிரியர் கதவு வரை வந்து சொன்னார்: "சொன்னபடியால் பாஸ். பிந்திச் சொன்னபடியால் நாலு." கார் நிறுத்தும் இடத்தில் மாட்ஸ் தன் பையைப் பின் சீட்டில் எறிந்தான். "நாங்கள் இரண்டு பேர் இருந்தோமே" என்றான். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேராகப் போய் அவரோடு கதைத்திருக்கலாம்." கோபத்தை விட, தன்னை ஒரு ஆளாக நான் மதிக்கவில்லையே என்ற வருத்தம்தான் அதில் இருந்தது. அவன் சொன்னது சரி.

அப்போது மணி பன்னிரண்டரை. இதைக் கவனமாக வாசியுங்கள், என் பிழை இங்கேதான். அண்ணை மூன்று மணிக்கு வேலைக்குப் போவார். பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் எனக்கு இரண்டரை மணித்தியாலம் இருந்தது. கைபேசி மடியில் கிடந்தது. ஒரு தடவை எடுத்து, அவர் பெயர் வரை போய், திரும்ப வைத்தேன். வீட்டுக்குப் போய் ஆறுதலாக எடுக்கலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் மகள் மேசை முழுக்கச் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகளை நட்டு வைத்திருந்தாள். கேக்கின் மேல் என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள், இரண்டு எழுத்து பிழை. கணவர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். பக்கத்து வீட்டு டெனிஷ்காரி பூங்கொத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்காக ஒரு வீடு கைதட்டுகிறது. இரண்டரைக்குச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இந்தத் துண்டைச் சாப்பிட்டுவிட்டு எடுப்போம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். படம் எடுத்தோம். திரும்பப் பார்த்தபோது மூன்று பத்து.

நாலு மணிக்கு எடுத்தேன். பதில் இல்லை. ஐந்துக்கும் இல்லை.

பிறகு தெரிந்தது. அவர் வேலைக்குப் போனபோது மெஷின் நிறுத்தப்பட்டிருந்தது. பொறுப்பாளர் அதன் பக்கத்திலேயே காத்து நின்று, எல்லோரும் பார்க்க அவரை ஒஃபீசுக்குக் கூட்டிப்போனார். அங்கே கோப்பி ஊற்றித்தான் கதைத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. அந்த மெஷினை இப்படி வைத்திருந்தது தங்கள் பிழை என்றுகூடச் சொன்னார்களாம். ஆனால் அந்த மனுசனுக்கு அதெல்லாம் காதில் ஏறியிருக்காது. உன் தங்கச்சி சொன்னாள் என்பது மட்டும் ஏறியிருக்கும்.

அடுத்த நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அண்ணைதான்.

"வாங்கோ" என்றார்.

இருபது வருடத்தில் அவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புஷ்பம் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"அண்ணை, அந்தப் பிள்ளையின்ர கை போயிருக்கும். நான் சொல்லாமல் இருக்கேலாமப் போச்சு."

"சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லையே."

"பிறகு ஏன் அண்ணை..."

"நீங்கள் எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா, நானே போய் அதைக் கழட்டிக் கையில குடுத்திருப்பன். நான்தான் ஒட்டினனான், நான்தான் கழட்டுவன். அவ்வளவுதானே?" அவர் கத்தவில்லை. தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார். "நீங்கள் என்னை அப்பிடி ஒரு மனுசனா நினைக்கேல்ல. அதுதான் விசயம். ஆறப் போகுது, குடியுங்கோ."

குடித்தேன்.

பிள்ளைகளே, மூன்று வாரமும் என் தலைக்குள் இரண்டே வழிதான் இருந்தன. ஒன்று அவரைக் காப்பாற்றுவது, மற்றது காட்டிக்கொடுப்பது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அவரிடமே திரும்பிப் போய், "அண்ணை, இது சரிவராது, நாங்கள் ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவம்" என்று சொல்வது. அவரும் ஒரு தொழிலாளி, இருபது வருடம் அந்த மெஷினோடு வாழ்ந்தவர், எது சரி என்று தெரிந்த மனுசன். மெஷினின் பின்பக்கத்தைப் பார்க்கப் படித்துவிட்டு, முன்னால் நிற்கிற ஆளை நான் பார்க்க மறந்துவிட்டேன்.

அந்த மெஷினில் பிறகு தனியாக ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். தகடு மேலே நிற்கும்போது மட்டும் அது திறக்கும், தாளை எடுக்கலாம், ஒன்றும் ஆறாது. அதை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் அருள் அண்ணைதான் என்று மாட்ஸ் சொன்னான். போலந்துக்காரப் பெண் அங்கே பல வருடம் வேலை செய்தாள். எங்கள் ஆட்களுக்குள் கதை வேறு விதமாகப் பரவியது. படிச்சுப்போட்டு முதல் வேலையாத் தமையனையே மாட்டி விட்டவள். சபையில் சிலர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அதைக்கூடத் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் தாங்க முடியவில்லை. சோறு எப்போதும் இரண்டு பேருக்குக் கூடுதலாகவே வெந்தது, கை அப்படிப் பழகிவிட்டது. ஒரு வருடத்தில் அவர்கள் மகனோடு இருக்க எஸ்பியர்க்குக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது. நான் நினைத்த பெட்டிகளை எல்லாம் திறந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மீன் தொழிற்சாலையில் ஒரு கதவில் அதே போலக் காந்தத் துண்டு ஒட்டியிருப்பதைக் கண்டேன். பக்கத்தில் நின்றவருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் குறிப்புப் புத்தகத்தை மூடி, கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இது ஏன் உங்களுக்குத் தேவைப்பட்டது என்று கேட்டேன். அரை மணித்தியாலம் சொன்னார். பிறகு அவரே கழற்றினார், அவரே பொறுப்பாளரிடம் போனார், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அருள் அண்ணைக்கு இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உண்மையைச் சொல்லுங்கள், அதில் பேரம் வேண்டாம். ஆனால் அந்த உண்மை யாருடையதோ அவர் முகத்துக்கு முன்னால் முதலில் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். பிந்திச் சொன்னதற்கு எனக்கு நாலு போட்டார்கள். அண்ணைக்குச் சொல்லாமல் விட்டதற்கு ஒருவரும் புள்ளி போடவில்லை, அந்தப் பரீட்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வசந்தத்தில் ஹேர்னிங்கில் ஒரு கலியாணம். மண்டபத்தின் மறுபக்கத்தில் அவரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்து, கொஞ்சம் குனிந்துவிட்டார். மடியில் பேத்தி. சோற்றைச் சின்ன உருண்டையாக்கி அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயை இறுக்கி மூடி டெனிஷில் ஏதோ சொல்ல, அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி இன்னும் ஐந்து வாய்தான் என்று பேரம் பேசினார். எனக்கு அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எல்லாம் முழுதாக இருந்தன. நான் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். நான் எங்கே பார்க்கிறேன் என்பதையும் கண்டார். மெதுவாகக் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

சோதிக்க வந்தவள் என்று நினைத்திருப்பார். நான் சந்தோசத்தில்தான் பார்த்தேன்.